குளத்தைக் காலி செய்யாதவள்

கொரோனா வந்த வருஷம், மார்ச் இருபத்து மூன்றாம் தேதி, கொரபீனா பொழுதுபோக்கு வசதிகள் சங்கம் அவசரக் கூட்டம் போட்டு, ஊர் நீச்சல் குளத்தை உடனே மூடுவதென்று ஏகமனதாக முடிவு செய்தது. குளத்தை மூடி அப்போதே இரண்டு வாரம் ஆகியிருந்தது.

எங்கள் பக்கம் தொழிலாளர் தினம் மார்ச் இரண்டாம் வாரம் வரும்; அந்த விடுமுறையோடு கோடையும் நீச்சல் பருவமும் முடிந்துவிடும். குளத்தைப் பார்த்துக்கொள்ளும் கிளெனிஸ் கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு எதிர்ச் சாரியிலிருக்கும் தன் வீட்டுக்குப் போய்விடுவாள். இது பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும். சங்கத்துக்குத் தெரியவில்லை. தலைவர் லயல் அவள் போட்ட பூட்டுக்கு மேலே இன்னொரு பூட்டைத் தொங்கவிட்டு, ‘மக்கள் நலன் கருதி மூடப்பட்டுள்ளது’ என்று ஒரு பலகையும் கட்டி, அதன் பக்கத்தில் விறைப்பாக நின்று படம் எடுத்துக்கொண்டார். புதுப் பூட்டின் சாவியைக் கிளெனிஸிடம் கொடுக்க மட்டும் மறந்துவிட்டார். மறுநாள் பம்ப் கொட்டகைக்குப் போக அவள் வேலி ஏறிக் குதிக்க வேண்டியிருந்தது. அப்போது அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு.

இந்த மாதிரி மேதைகளின் கையில்தான் ஊரின் குளம், இரண்டு டென்னிஸ் களம், கிழவர்கள் பந்து உருட்டும் புல்தரை, கல்யாணமும் ஏலமும் நடக்கும் கூடம் எல்லாம் இருந்தன. ஆறு பேர் கொண்ட குழு. லயல் ஆடுமாடு ஏலம் விடும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. செயலாளர் ரொவீனாவுக்கு, எழுதி வைத்துவிட்டால் நடந்த மாதிரி. பேசில் பந்து உருட்டும் புல்தரையின் பிரதிநிதி. மற்ற மூவரும் கை தூக்குவதற்காகவே பிறந்தவர்கள், அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கிளெனிஸைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

அவள் அப்பா பால் பண்ணைக்காரர். வீட்டுக்குப் பின்னால் பாசனக் கால்வாய் ஓடியது. அதில்தான் அவள் நீச்சல் கற்றாள். கற்றாள் என்பது பெரிய வார்த்தை. அண்ணன்கள் தூக்கிப் போட்டார்கள், அவள் எப்படியோ கரையேறினாள். எங்கள் பக்கத்துக் கால்வாயில் விழுந்தவர்கள் எல்லாரும் கரையேறுவதில்லை. கரை வழுக்குக் களிமண்; பிடிக்க ஒரு வேர் கிடையாது. மதகுப் பக்கம் போய்விட்டால் தண்ணீர் காலைப் பிடித்து உள்ளே இழுத்துவிடும். கிளெனிஸ் கைக்குழந்தையாக இருந்த கோடையில் அக்கா தங்கை இரண்டு பேர் ஒரே மதகில் செத்துப்போனார்கள். ஊரே திரண்டு, கையால் மண் வெட்டி, கையால் சிமெண்ட் குழைத்து, அடுத்த கோடைக்குள் முப்பத்து மூன்று மீட்டர் நீளத்தில் இந்தக் குளத்தைக் கட்டியது அதனால்தான். அதற்குப் பிறகு கொரபீனாப் பிள்ளை ஒன்றுகூடக் கால்வாயில் சாகவில்லை. குளம் இருந்தால் பிள்ளைகள் குளத்துக்குப் போகும், குளம் இல்லாவிட்டால் கால்வாய்க்குப் போகும். நாற்பது டிகிரி வெயிலில் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கிறவனுக்குப் பிள்ளைகளையும் தெரியாது, எங்கள் ஊர் வெயிலையும் தெரியாது.

இருபத்தாறு வருஷத்துக்கு முன் குளத்துக் கடையில் உருளைக்கிழங்கு வறுவலும் ஐஸ் குச்சியும் விற்கத்தான் அவள் வந்தாள். குளத்துக் காவலருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு வாரத்துக்கு மட்டும் பார்த்துக்கொள் என்றார்கள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. பரீட்சை எழுதி உரிமம் வாங்கினாள். பம்ப், வடிகட்டி, குளோரின் எல்லாவற்றையும் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டாள். ஊர்ப் போலீஸ்காரர், மருந்துக்கடைக்காரர், கால்பந்து அணியின் தலைவன் எல்லாரும் ஒரு காலத்தில் அவள் உள்ளங்கையில் வயிற்றை வைத்துக் காலை உதறியவர்கள்தான். யாரையும் அவள் கொஞ்சியது கிடையாது. “காலு எதுக்குடா இருக்கு, அலங்காரத்துக்கா?” என்று கரையிலிருந்து கத்துவாள். பயத்தில் நீந்தக் கற்றார்கள், அப்புறம் பயம் போய்விட்டது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. குளத்தின் ஆழமான முனைக்குப் பக்கத்தில் தரையில் ஓர் இரும்புக் குழாய் இறங்கியிருக்கும். திங்கட்கிழமை தோறும் நூலில் ஒரு நட்டைக் கட்டி அதற்குள் இறக்குவாள். நட்டு தண்ணீரைத் தொட்டதும் நூலை அளந்து, கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால் எழுதி வைப்பாள். நிலத்தடித் தண்ணீர் எத்தனை கீழே இருக்கிறது என்பது அந்தக் கணக்கு. நூறு வருஷமாகப் பாசனம் பாய்ந்த பூமி, தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். அவள் நூல் விடுவதைப் பார்த்துப் பேசில், “மீன் கெடச்சுதா?” என்று கேட்பார். இருபது வருஷமாக அதே நகைச்சுவைதான்.

தொற்று பரவியதும் சங்கம் வேலையில்லாமல் திண்டாடியது. எல்லாம் மூடிக் கிடக்கும்போது எதை நிர்வாகம் செய்வது? ஆனாலும் விடவில்லை. வாரத்துக்கு இரண்டு கூட்டம், கணினித் திரையில். முதல் மாதம் முழுக்க லயலின் மூக்குத் துவாரம் மட்டும்தான் தெரிந்தது. பந்து உருட்டும்போது பந்தைத் தொட்டவர் கையைத் துடைப்பதா, பந்தைத் துடைப்பதா என்று ஒன்றரை மணி நேரம் விவாதித்தார்கள். புல்தரை ஆகஸ்ட் வரை பூட்டிக் கிடந்தது.

பிறகு ஆலோசகர் வந்தார். மெல்போர்னில் இருந்துகொண்டே வந்தார், திரை வழியாக. நாற்பத்தாறு பக்கத்தில் ஒரு பாதுகாப்புத் திட்டத்தைக் கொடுத்தார். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அதையே வட்டாரத்தில் எல்லாச் சங்கத்துக்கும் கொடுத்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. அதில் பதினாலாம் எண்: ‘பயன்பாட்டில் இல்லாத நீர்த்தொட்டிகளைக் காலி செய்யவும்.’ மனுஷன் ஏதோ ஹோட்டல் வெந்நீர்த் தொட்டியை மனதில் வைத்து எழுதியிருப்பார். நம் ஆட்களுக்கு அது வேதவாக்கு.

மே மாத முதல் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தது.

“பதினாலு. குளத்தக் காலி பண்றது,” என்றார் லயல். “ஆளில்லாத எடத்துல தண்ணி நின்னா ஆபத்து. எவனாவது வேலி தாண்டி உள்ள விழுந்து செத்தா நம்ம தலையிலதான் விடியும். யாருக்கும் ஆட்சேபணை இல்லல்ல? அடுத்து...”

“எனக்கு இருக்கு,” என்றாள் கிளெனிஸ்.

“உனக்கு ஓட்டு இல்லையே, கிளெனிஸ்.”

“ஓட்டுதான் இல்ல. வாய் இருக்குல்ல? குளத்துல இருக்கிற தண்ணிதான் அந்தக் குளத்தையே கீழ அமுக்கிப் புடிச்சிருக்கு. அத எடுத்துட்டா, சுத்தி இருக்கிற நிலத்தடித் தண்ணி கான்கிரீட்ட மொத்தமா மேல தூக்கிடும். தூக்கினா நடுவுல பொளந்துரும். பொளந்துச்சுன்னா அவ்வளவுதான், இந்த ஊருக்கு இன்னொரு குளம் எவனும் கட்டித் தரமாட்டான்.”

பேசில்தான் முதலில் சிரித்தார்.

“கான்கிரீட்டு மிதக்குமாம்ப்பா! ஏன் கிளெனிஸ், என் கார் ஷெட்டும் கெளம்பிப் போயிருமா? கயிறு போட்டுக் கட்டி வைக்கவா?”

“ஒன் ஷெட்டு தண்ணிக்குள்ள நிக்கல, பேசில். குளம் நிக்குது. இரும்புக் கப்பல் மிதக்குதே, ஒன்னக் கேட்டுட்டா மிதக்குது?”

“இரு இரு,” என்றார் லயல். “ரெண்டாயிரத்து ஒம்பதுல காலி பண்ணி பெயிண்ட் அடிச்சோம்ல? நான்தான முன்னாடி நின்னு செஞ்சேன்? என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல.”

“அது பஞ்ச காலம், லயல். பத்து வருஷம் மழை இல்ல. நிலத்தடித் தண்ணி ஆறு மீட்டர் கீழ கெடந்துச்சு. இப்ப ஒரு மீட்டர் இருபது. இன்னும் மழையே ஆரம்பிக்கல. அப்புறம் இன்னொண்ணு. அடியில அழுத்தம் ஏறினா தானாத் தெறக்கிற மூடி ஒண்ணு ஆழத்துல இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? அது ஓட்டைன்னு நெனச்சு அன்னிக்கு சிமெண்ட் பூசி அடைச்சது யாரு?”

யார் என்பது அந்தத் திரையிலிருந்த எல்லாருக்கும் தெரியும். லயலின் காது சிவந்தது.

“பழசெல்லாம் எதுக்குக் கெளர்ற?”

“ஆலோசகர் படிச்சவரு, கிளெனிஸ்,” என்றாள் ரொவீனா, குழந்தைக்குச் சொல்வது போல. “நீ ஒரு நூலையும் நட்டையும் வெச்சுக்கிட்டு...” கிளெனிஸ் பதில் சொல்ல வாயெடுத்தாள். வாய் அசைந்ததே தவிர, சத்தம் வரவில்லை. ரொவீனா அவள் ஒலியை அணைத்துவிட்டிருந்தாள். ஆறு கைகள் உயர்ந்தன. வெள்ளிக்கிழமைக்குள் குளம் காலியாக வேண்டும், படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

மறுநாள் காலையில் அவள் குளத்துக்குப் போனாள். வெளியே வர நான்கு காரணங்களுக்குத்தான் அனுமதி இருந்த காலம் அது. உடற்பயிற்சி என்று சொல்லிக்கொண்டு போனாள். வேலி ஏறிக் குதிக்கிறவளை உடற்பயிற்சி செய்யவில்லை என்று எவன் சொல்வான்? வடிகால் கதவின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவளுக்குப் பயமாக இருந்தது. சொன்னதைச் செய்யாவிட்டால் வேலை போய்விடும், செய்தால் குளம் போய்விடும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள் தாமதமாக வந்தவள் இல்லை, ஒரு பொய்க் கணக்கு எழுதியவள் இல்லை. கடைசியில் சக்கரத்தை விட்டுவிட்டு, குளிர்காலப் போர்வையைக் குளத்தின் மேல் முழுசாக இழுத்துக் கட்டினாள். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறதா, தவிடு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் லயல் கேட்டார், “காலி பண்ணியாச்சா?”

“ஆச்சு,” என்றாள்.

அவள் புருஷன் பெயர் காலின், பால் வண்டி ஓட்டுபவன். சமையலறையில் இறைச்சிப் பணியாரத்தைச் சூடு பண்ணிக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“ஒனக்குத்தான் பொய்யே வராதே. மூஞ்சி காட்டிக்குடுத்துருக்குமே?”

“அதுக்குத்தான் கேமராவ அணைச்சு வெச்சேன். வாய மூடிக்கிட்டு சோத்தப் போடு.”

“படம் கேட்டாங்களே?”

படத்துக்கும் வழி பண்ணியிருந்தாள். பழைய ஆல்பத்தில், ரெண்டாயிரத்து ஒன்பதில் பெயிண்ட் அடிப்பதற்காகக் காலி செய்த குளத்தின் படம் இருந்தது. அதைத் திரும்பப் படம் பிடித்து அனுப்பினாள். ஐந்து நிமிஷத்தில் தலைவரிடமிருந்து பதில் வந்தது: ‘மிகச் சுத்தமாக இருக்கிறது. நல்ல வேலை.’ அடக் கடவுளே, படத்தின் மூலையில் ஒரு மனுஷனின் இரண்டு பூட்ஸ் கால் தெரிகிறது, ஊரடங்கில் பூட்டிக் கிடக்கும் குளத்துக்குள் அந்த ஆள் யார் என்றுகூட ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆறு ஜோடிக் கண்கள்!

குளிர்காலம் போனது. சங்கம் கைகழுவும் முறையைப் பற்றி ஒரு காணொளி தயாரித்தது. பதினோரு பேர் பார்த்தார்கள், அதில் ஆறு பேர் யார் என்று சொல்லத் தேவையில்லை. ஆகஸ்டில் மழை பிடித்தது. செப்டம்பரில் விடவில்லை. சாக்கட்டிக் கணக்கு தொண்ணூறு சென்டிமீட்டர் என்றது, எழுபது என்றது, அக்டோபரில் ஐம்பத்தைந்துக்கு வந்து நின்றது. கிளெனிஸ் திங்கட்கிழமை மட்டும் என்றில்லாமல் தினமும் நூல் விட்டாள். ஒவ்வொரு தடவையும் போர்வையை ஒரு முனையில் தூக்கி, தண்ணீர் விளிம்பு வரை நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

அக்டோபர் கடைசியில், நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெலாண்ட்ரா ஊரில் குளம் எழுந்து நின்றது. அதே ஆலோசகர், அதே நாற்பத்தாறு பக்கம், அதே பதினாலாம் எண். ஜூலையில் காலி செய்திருக்கிறார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஆழமான முனை முழங்கால் உயரத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு, நடுவில் கை நுழையும் அளவுக்கு விரிசலோடு கிடந்தது. படம் ஊர் முழுக்கக் கைபேசியில் சுற்றியது.

அடுத்த பத்தாவது நிமிஷம் லயல் கூப்பிட்டார். ஏலக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

“கிளெனிஸ், ஒங்கிட்ட ஹோஸ் எத்தன இருக்கு? ஓடிப்போயி நெரப்பு! நான் எங்க வீட்டுத் தோட்டத்து ஹோஸயும் எடுத்துட்டு வரேன்!”

“தோட்டத்து ஹோஸ வெச்சு இந்தக் குளத்த நெரப்ப அடுத்த ஈஸ்டர் ஆயிடும். நேர்ல வந்து பாரு.”

வந்தார். முகக்கவசம் தாடையில் தொங்கியது. தோளில் உண்மையாகவே ஒரு ஹோஸ் சுருள். கிளெனிஸ் போர்வையைச் சுருட்டினாள். பச்சைப் பட்டாணிக் கஞ்சி நிறத்தில், விளிம்பு வரை தண்ணீர்.

“இது நெறஞ்சுல்ல இருக்கு?”

“ஆமா.”

“அப்ப அந்தப் படம்?”

“ரெண்டாயிரத்து ஒம்பது. மூலையில இருக்கிற பூட்ஸ் ஒன்னோடதுதான், லயல். ஒன் காலப் பாத்துட்டு நீயே சுத்தமா இருக்குன்னு எழுதின.”

லயல் குதிக்கும் மேடையில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. இரண்டு பண்ணை தள்ளி வளர்ந்தவர், ஒரே பள்ளிப் பேருந்தில் போனவர். ஒரு நிமிஷம் அவளுக்கு இரக்கமாகக்கூட இருந்தது. நன்றி சொல்லப் போகிறார், சொன்னால் பரவாயில்லை என்று விட்டுவிடலாம் என்று நினைத்தாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார்.

“அப்ப நீ எங்ககிட்ட பொய் சொல்லியிருக்க.”

அவளுக்கு வந்த கோபத்தில் ஆளோடு ஹோஸையும் சேர்த்து உள்ளே தள்ளியிருப்பாள். பச்சைத் தண்ணீரிலிருந்து அவரை வெளியே எடுப்பதும் தன் வேலைதான் என்பதால் பேசாமல் இருந்தாள்.

நவம்பர் கூட்டத்தில் சங்கம் இரண்டு தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்று, பேரிடர்க் காலத்தில் குளத்தைத் தொலைநோக்கோடு நீர் நிரம்பிய நிலையிலேயே பாதுகாத்ததற்காகக் குழு தன்னையே பாராட்டிக்கொண்டு, ‘நெருக்கடியில் துணிச்சலான முடிவு’ என்ற மாநில விருதுக்கு விண்ணப்பிப்பது. இரண்டு, குளத்தைக் காலி செய்யும்படி குழு இட்ட உத்தரவை மீறிய கிளெனிஸுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுப்பது. இரண்டும் ஒரே கூட்டத்தில், ஒரே பக்கத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக.

“ரெண்டுல ஏதாவது ஒண்ணு சொல்லுங்க,” என்றாள் கிளெனிஸ். “தண்ணிய வெச்சது ஒங்க முடிவுன்னா நான் சொன்னபடி கேட்டிருக்கேன், எதுக்கு எச்சரிக்கை? நான் சொன்னபடி கேக்கலன்னா ஒங்க முடிவு காலி பண்றது, எதுக்கு விருது?”

“அது வேற தலைப்பு, இது வேற தலைப்பு,” என்றாள் ரொவீனா. “ரெண்டையும் போட்டுக் கொழப்பாத.”

“எனக்கு மன்னிப்பும் வேணாம், பூச்செண்டும் வேணாம். நடந்தத நடந்தபடி கூட்டக் குறிப்புல எழுதுங்க. காலி பண்ணச் சொன்னோம், அது தப்பு, இனிமே பண்ணக்கூடாதுன்னு. எழுதி வெக்கலன்னா எனக்கப்புறம் வர்றவன் அந்தப் பதினாலாம் எண்ணப் பாத்துட்டு நேராப் போய்க் கதவத் தெறந்துருவான்.”

“அப்படி எழுதினா விருது எப்படி வரும்?” என்றார் பேசில். நேர்மையான மனுஷன், நினைத்ததை மறைக்கத் தெரியாது.

எச்சரிக்கைக் கடிதத்தின் கீழே அவள் கையெழுத்துப் போட ஓர் இடம் விட்டிருந்தார்கள். ‘என் தவறை ஒப்புக்கொள்கிறேன். இனிமேல் குழுவின் எந்த உத்தரவையும் மறுக்காமல் நிறைவேற்றுவேன்.’ போட்டால்தான் வேலைக்கு வரலாம். அவள் போடவில்லை. அவள் வராவிட்டால் குளம் திறக்க முடியாது; பெலாண்ட்ராக்காரர் குளம் உடைந்ததும் வேறு ஊருக்குப் போய்விட்டார், அவரை விட்டால் உரிமம் உள்ளவர் அறுபது கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் யாரும் இல்லை. அந்த வருஷம் பயிற்சி வகுப்புகளையும் நிறுத்திவிட்டார்கள், புதிதாக யாரும் தேறி வரவுமில்லை. விருதை விட்டுக்கொடுத்து உண்மையை எழுதினால் மறுநாள் குளத்தைத் திறந்துவிடலாம் என்பது குழுவுக்கு நன்றாகத் தெரியும். பத்து நாள் யோசித்தார்கள். விருதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். சரி, அவளே இறங்கி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

நவம்பர் கடைசி சனிக்கிழமை நாற்பத்தொரு டிகிரி. கிளெனிஸ் மளிகைக் கடைக்குப் போய்விட்டுக் கால்வாய்ப் பாலம் வழியாக வந்தாள். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒன்பது பிள்ளைகள் வரிசையாக ஏறி நின்றிருந்தன. ஒவ்வொன்றாகக் குதித்துக்கொண்டிருந்தன. அதில் மூன்று பேருக்கு நீந்தத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். அவள் சொல்லிக் கொடுக்கவில்லை, வேறு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? மதகின் மேல், கால் இரண்டையும் தண்ணீர்ப் பக்கம் தொங்கப்போட்டுக்கொண்டு, முன்பல் விழுந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

“எறங்குங்கடா எல்லாரும்! ஏய், நீ அசையாத, நான் வரேன்!”

அந்தப் பெண்ணை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி இறக்கினாள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டி வீட்டுக்கு விரட்டினாள்.

“குளம் எப்பத் தெறப்பீங்க?” என்று அந்தப் பல் விழுந்தவள் போகிறபோது கேட்டாள். “தண்ணி இருக்குன்னு எங்கப்பா சொன்னாரே? அப்ப ஏன் தெறக்கல?”

கிளெனிஸ் போய்க் காரில் உட்கார்ந்தாள். குழுக்காரர்கள் செத்தாலும் இறங்கி வரமாட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. இன்னும் பத்து நாள் வீம்பு பிடித்தால் குழுவில் யாருக்கும் ஒன்றும் ஆகாது. வேறு யாருக்கோ ஆகும். நேராக லயல் வீட்டுக்கு ஓட்டினாள். அவர் நிழலில் நாற்காலி போட்டுப் பீர் குடித்துக்கொண்டிருந்தார். பையிலேயே கிடந்த எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்துக் காரின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

“படிச்சுப் பாக்கலயா?” என்றார்.

“படிச்சா போடமாட்டேன்.”

வீட்டுக்கு வந்து அழுதாள். காலின் பக்கத்தில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேலியும் பேசாமல் இருந்தான். செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு தன் பெயரை எழுதியது அவளுக்கு உடம்பில் அழுக்கு ஒட்டிய மாதிரி இருந்தது. இரண்டு நாள் விடாமல் குளோரின் அடித்தாள். டிசம்பர் முதல் சனிக்கிழமை குளம் கண்ணாடியாகத் தெளிந்து திறந்தது. எண்ணி இத்தனை பேர்தான் உள்ளே இருக்கலாம் என்று கணக்கு இருந்தது. அதில் ஆறு இடத்தைக் குழு எடுத்துக்கொண்டது, சொற்பொழிவு ஆற்ற. லயல் ‘தொலைநோக்கு’ என்ற வார்த்தையை நாலு தடவை சொன்னார். அதற்குள் பின்னால் பிள்ளைகள் குதித்துவிட்டன, அஞ்சாவது தடவை சொன்னாரா என்பது யாருக்கும் கேட்கவில்லை. மதகில் உட்கார்ந்திருந்தவளை அன்றைக்கே ஆழமில்லாத பக்கம் இழுத்துப் போய், வயிற்றில் கை கொடுத்துக் காலை உதறச் சொன்னாள் கிளெனிஸ்.

பிப்ரவரியில் விருது வந்தது. பித்தளைப் பலகை. அது கொட்டகைச் சுவரில் மாட்டப்பட்டது, அவளே ஆணி அடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த மே மாதம், பருவம் முடிந்து முதல் கூட்டம். மறுபடி ஊரடங்கு, மறுபடி திரை. விருது பெற்ற பாதுகாப்புத் திட்டத்தை ரொவீனா எண் எண்ணாக வாசித்தாள். குறிப்பில் உண்மை இல்லாததால் திட்டத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை. பதினாலாம் எண் வந்தது. வாசித்தாள். லயல் தண்ணீர் குடித்தார். பெலாண்ட்ராவை மறக்கும் அளவுக்கு அவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆனால் இது வேண்டாம் என்று முதலில் சொல்கிறவர், போன வருஷம் வேண்டும் என்று கை தூக்கியதை ஒப்புக்கொண்டவர் ஆகிவிடுவார். அதனால் ஆளுக்கு ஆள் மற்றவர் முகத்தைப் பார்த்தார்கள்.

“திட்டத்துல இருக்கு. மாநிலமே பாராட்டின திட்டம்,” என்றாள் ரொவீனா. “அப்படியே ஏத்துக்கறோம்?”

யாரும் மறுக்கவில்லை.

“சரி, செஞ்சுடறேன்,” என்றாள் கிளெனிஸ்.

ஆறு முகமும் திடுக்கிட்டு நிமிர்ந்தது.

“என்ன பாக்குறீங்க? எந்த உத்தரவையும் மறுக்காம நிறைவேத்துவேன்னு எழுதிக் குடுத்திருக்கேன்ல? செய்யறேன். ஒரே ஒரு காகிதம் மட்டும் வேணும். ‘குளத்தைக் காலி செய்’னு எழுதி, கீழ ஆறு பேரும் பேரப் போட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. பெலாண்ட்ராவுல ஆனது இங்க ஆச்சுன்னா, யாரு சொல்லி ஆச்சுன்னு ஊருக்குத் தெரியணும். நான் ஒருத்தி மட்டும் பேர எழுதிக் குடுத்தா அழகா இருக்குமா?”

“எனக்கு இங்க நெட்டு சரியா இல்ல,” என்ற பேசில், தெளிவான படத்தோடும் தெளிவான குரலோடும் மறைந்துபோனார்.

“செயலாளர் பதிவு பண்றவதான், முடிவெடுக்கறவ இல்ல,” என்று சொல்லிவிட்டு ரொவீனாவும் மறைந்தாள். மற்ற மூவரும் சொல்லாமலே போய்விட்டார்கள். கடைசியில் லயலின் முகம் மட்டும் தனியாக நின்றது.

“கிளெனிஸ்...” என்றார்.

“சொல்லு, லயல். பேனா இருக்கா? நான் வேணா கொண்டு வரவா?”

அவர் கட்டமும் அணைந்தது. கூட்டம் முடிந்தது என்று அறிவிக்கக்கூட ஆளில்லை.

அந்தக் காகிதம் இன்றுவரை வரவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை கிளெனிஸ் சங்கத்துக்கு மரியாதையாக ஒரு வரி எழுதி அனுப்புகிறாள்: ‘உத்தரவுக்குக் காத்திருக்கிறேன், கையெழுத்துகளோடு அனுப்பவும்.’ குளத்தில் தண்ணீர் நிறைய இருக்கிறது.